சாயம் ஏறாத படம்

ஏலாக்குறிச்சி
11-3-1946

மாப்பிள்ளை செல்வநாதன் அவர்களுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். நலம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் அமலோற்பவமேரி திருச்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள் என்ற சேதி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? அரியலூர் ஸ்டேஷனுக்கு மிளகாய் மூட்டை ஏற்றப் போன நல்லுசாமி சொல்லித் தெரிந்தது. அவனுக்குச் சொன்னது பெரம்பலூர் பஸ் கண்டக்டராம். கண்டக்டருக்குத் தெரிகிறது, பெற்றவனுக்குத் தெரியவில்லை! "என்னங்க, ஒங்க மவளுக்கு இடுப்புல கல்லாமே, அறுக்கப் போறாங்களாமே, நீங்க இங்க எருவு அடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரன் களத்தில் வந்து கேட்கிறான். நான் என்ன பதில் சொல்வது? மாப்பிள்ளை வாத்தியார், படித்தவர், மாமனாரைக் கேட்கத் தேவையில்லை என்று சொல்வதா?

அவள் தாய் செத்தபோது அவளுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து ஒரு சளி, ஒரு காய்ச்சல் என்றால்கூட நான்தான் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவன். தை மாதமே இடுப்பு வலிக்கிறது என்று அவள் எழுதியபோது நான் என்ன சொன்னேன்? இங்கே கொண்டு வந்து விடுங்கள், அடைக்கல மாதா கோயிலில் பூசைக்கு வைப்போம், நெருஞ்சி முள் கஷாயம் போட்டுத் தருகிறேன், கல்லு கரைந்து ஓடிவிடும் என்று சொன்னேனா இல்லையா? அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பொம்பளை டாக்டர் கத்தியை நம்பிப் போயிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்காமல் கூட்டிப்போன இடத்துக்கு நான் அழையா விருந்தாளியாக வர மாட்டேன். அவளுக்கு என் ஆசீர்வாதம் சொல்லுங்கள். உங்களுக்குச் சொல்ல இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

ச. சவரிராஜ்


திருச்சிராப்பள்ளி
13-3-1946

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழித்துப் போடலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். அமலு, "எங்கப்பா கையெழுத்துங்க, குடுங்க" என்று வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அவள் வைத்திருப்பதால்தான் பதில் எழுதுகிறேன்.

தங்களைக் கேட்காதது உண்மை. கேட்க நேரம் இருந்ததா என்று தாங்களே சொல்லுங்கள். விபூதித் திருநாளன்று காலையில் பூசை கண்டுவிட்டு நெற்றியில் சாம்பலோடு வந்தவள் வாசற்படியிலேயே சுருண்டு விழுந்தாள். குளிரில் பல் கிட்டிக்கொண்டது. குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கவில்லை. பெரம்பலூர் டிஸ்பென்சரி டாக்டர் வலது பக்க இடுப்பில் கை வைத்தார், தெருவுக்கே கேட்கும்படி அலறினாள். "சார், இது இங்க வச்சுப் பாக்குற கேஸ் இல்ல. இன்னிக்கே திருச்சிக்குப் போயிடுங்க" என்றார். நான் ஏலாக்குறிச்சிக்கு ஆள் அனுப்பி, தாங்கள் யோசித்து, பதில் வந்து சேர்வதற்குள் என்ன ஆகியிருக்கும்?

பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓட்டுகிற கரி பஸ்ஸில்தான் வந்தோம். பாடாலூரில் அது மூச்சுவிட மறுத்து நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நான் தள்ளிக்கொண்டே ஜன்னல் வழியாக அவள் முகத்தைப் பார்த்தபடி வந்தேன். அந்த நேரத்தில் எனக்கு யார் ஞாபகமும் வரவில்லை மாமா, தங்கள் ஞாபகம் உட்பட. இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

இங்கே டாக்டர் சம்பூர்ணம் என்ற அம்மாள் பார்க்கிறார். தாங்கள் எழுதிய பொம்பளை டாக்டர் இவர்தான். குள்ளமான ஆள், பேச்சு குறைவு. வலது சிறுநீரகத்திலிருந்து நீர் இறங்கி வருகிற குழாயில் கல் சிக்கிக்கொண்டிருக்கிறது என்கிறார். கீழே அடைத்துக்கொண்டதால் மேலே நீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கி, தேங்கின நீரில் சீழும் பிடித்திருக்கிறதாம். புதிதாக வந்திருக்கும் பென்சிலின் என்ற மருந்தை ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கியிருக்கிறார்.

இனிமேல்தான் முக்கியம். அந்தச் சிறுநீரகத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கை நரம்பில் ஒரு சாயத்தை ஏற்றுவார்கள். வேலை செய்கிற சிறுநீரகம் அந்தச் சாயத்தை ரத்தத்திலிருந்து பிரித்து நீரோடு விடும். அப்போது எக்ஸ்ரே படம் எடுத்தால் அது வெள்ளையாகத் தெரியும். உயிர் இருந்தால் விலாவில் குழாய் வைத்துத் தேக்கத்தை வடித்துக் காப்பாற்றலாம். உயிர் இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். இடது பக்கத்தது பிறவியிலேயே சிறியது, வலதை எடுத்தால் அது ஒன்றை நம்பிக் காலம் தள்ள முடியுமா என்பது சந்தேகம் என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். பிள்ளைப்பேற்றைப் பற்றி நான் கேட்டேன். "மொதல்ல அவங்க இருக்கட்டும் சார்" என்றார்.

வரும் செவ்வாய்க்கிழமை காலையில் படம். முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். உடம்பில் நீர் குறைந்தால்தான் சாயம் கெட்டியாக விழுமாம்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க விடமாட்டார்கள். என் தாயாருக்கு முடக்குவாதம், வர இயலாது. நம்பிக்கையான பெண் துணை யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள். தாங்கள் வந்தாலும் நல்லதுதான். அழைக்கிறேன், இனி அழையா விருந்தாளி என்று எழுத வேண்டாம்.

தங்கள்
செல்வநாதன்


ஏலாக்குறிச்சி
15-3-1946

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் படித்தேன். பாடாலூர் வரைக்கும் படிக்கும்போது கண் கலங்கியது உண்மை. அதற்கு மேலே படித்ததும் ரத்தம் கொதித்தது, அதுவும் உண்மை.

தண்ணீர் கொடுக்கக்கூடாதா? தவிச்ச வாய்க்குத் தண்ணி கொடுக்காதவன் நரகத்துக்குப் போவான் என்றுதான் எனக்குத் தெரியும். கல்லடைப்புக்காரனுக்குத் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும்தானே மருந்து? வாய்க்காலில் அடைப்பு என்றால் தண்ணீரைத் திறந்துவிட்டால்தானே குப்பை அடித்துக்கொண்டு போகும்? குண்டிக்காயில் கல் இருக்கிறவளைப் பங்குனி வெயிலில் வாயைக் கட்டிப் போடுகிற வைத்தியத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? தபசு காலத்து ஒருசந்தி உபவாசத்தில்கூடத் தண்ணீர் குடிக்கலாம். அந்த அம்மாள் சர்வேசுரனுக்கு மேலே போய்விட்டாளா?

துணைக்குச் சிந்தாமணியை அனுப்புகிறேன். நல்லுசாமி பெண்டாட்டி. தாயில்லாத அமலுவுக்குத் தலை பின்னி விட்டு, சோறு ஊட்டி வளர்த்தது அவள்தான் என்பது உங்களுக்குக் கல்யாணத்தின்போதே தெரியும். "என் புள்ளைய நான் பாத்துக்குறேன், நீங்க ரெண்டு பேரும் ஒங்க கோவத்தைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சாக்குமூட்டையோடு கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பாள்.

நான் வரவில்லை. நீங்கள் அழைத்த அழைப்பு எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் மனசு இன்னும் ஆறவில்லை.

ச. சவரிராஜ்


திருச்சிராப்பள்ளி
20-3-1946

மாமா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று படம் எடுத்தார்கள். வலது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எனக்குக் காட்டினார். முதுகெலும்பு தெரிகிறது, விலா எலும்புகள் தெரிகின்றன. இடது பக்கம் லேசாக ஒரு வெள்ளை. வலது பக்கம் கல் ஒன்று மொச்சைக்கொட்டை அளவில் கிடக்கிறது, அதற்கு மேலே வெறும் இருட்டு. சாயம் ஏறவே இல்லை. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இடது பக்கம்கூட நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்ல" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "வலது பக்கம் செத்துப்போச்சுன்னுதான் தோணுது சார். உள்ள சீழோட விட்டு வைக்க முடியாது. அடுத்த புதன்கிழமை எடுத்துடலாம்" என்றார்.

நான் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறவன் நான், இதில் பேனா ஓடவில்லை. அமலுவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கோபத்தை எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். தயவு செய்து வாருங்கள். எனக்குப் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும்.

செல்வநாதன்


ஏலாக்குறிச்சி
22-3-1946

மாப்பிள்ளை,

கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நான் வருகிறேன். திங்கட்கிழமை அரியலூரில் ரயில் ஏறுகிறேன். அதற்கு முன்னால் வண்டி மாடு கிடைக்கவில்லை, ஊரே அறுவடையில் இருக்கிறது.

கோயிலுக்குப் போனேன். மாதாவிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன். பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர் நாளைப் பூசையில் அவளை நினைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஒரு குண்டிக்காய் இன்னொருத்தருக்குப் பொருந்துமா என்று அந்த அம்மாளைக் கேளுங்கள். எனக்கு இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு இரண்டு? பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்காமல் கேளுங்கள்.

ச. சவரிராஜ்


திருச்சிராப்பள்ளி
23-3-1946

மாமா அவர்களுக்கு,

தாங்கள் கிளம்புவதாக இருந்தால் அதற்குள் இந்தக் கடிதம் சேர வேண்டும் என்று எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். இளநீர்! நாலு இளநீர்!

வியாழக்கிழமை சாயந்திரம் அமலுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "அப்பா ஆசையாக் குடுத்தனுப்புன எளநிகூடப் பலிக்கலியே" என்றாள். எந்த இளநீர் என்று கேட்டேன். சிந்தாமணி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். படம் எடுக்கும் முன்னால் திங்கட்கிழமை பூரா, விடியற்காலை வரைக்கும், நான் இல்லாத நேரமாகப் பார்த்து நாலு இளநீரையும் அவள் வாயில் ஊற்றியிருக்கிறார். அந்தச் சாக்குமூட்டையில் இருந்தது துணி இல்லை! நான் கத்திவிட்டேன். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தண்ணி ஒரு சொட்டு குடுக்கலீங்க தம்பி, என் புள்ளை தலை மேல சத்தியம். எளநிதான் குடுத்தேன். அது மருந்துல்ல? ஒங்க மாமாதான் ரகசியமா குடுன்னாரு."

மாமா, நான் இவ்வளவு நாள் தங்களிடம் மரியாதை தப்பாமல்தான் எழுதினேன். இன்று எழுதுகிறேன்: என் மனைவியின் உறுப்பைப் பிடுங்கிப் போட இருந்தார்கள், தங்கள் பிடிவாதத்தால். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டிப்போனாய் என்று என்னைக் கேட்டீர்களே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் தாங்கள் செய்தது என்ன?

டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினேன். வெளியே போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திட்டப் போகிறார், இந்தப் பட்டிக்காட்டு ஜனங்களே வேண்டாம் என்று எங்களை அனுப்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன். "அப்ப நான் பாத்தது கிட்னி படமில்ல சார், எளநீர் படம்" என்றார். பிறகு, "தப்பு என்னுது. தண்ணி கூடாதுன்னு சொன்னேன். எளநீர் கூடாதுன்னு சொல்லல. இந்த ஊர்ல பொறந்த எனக்கே அது தோணியிருக்கணும். இடது பக்கம் மங்கலா இருந்தப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார். அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே இதைச் சொன்னார். நான் பதினொரு வருஷமாக வாத்தியார். பையன்கள் முன்னால் ஒரு நாளாவது தப்பு என்னுடையது என்று சொல்லியிருப்பேனா என்று அங்கே நின்றபடி யோசித்தேன்.

அந்தச் சாயம் சண்டைக் காலத்திலிருந்தே சீமையிலிருந்து சரியாக வருவதில்லை. அலமாரியில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை அமலுவுக்கென்று எடுத்துவிட்டார். அன்று மாலையிலிருந்து அமலுவின் கட்டில் அருகே ஒரு நர்ஸை உட்கார வைத்தார். சிந்தாமணி அம்மாள் தாமாகவே போய் வராந்தாவின் கடைசியில் உட்கார்ந்துகொண்டார்.

நேற்று காலையில் சாயம் ஏற்றினார்கள். முதல் படத்தில் இடது பக்கம் பளிச்சென்று வந்தது. வலது பக்கம் இருட்டு. அரை மணி கழித்து இன்னொன்று, அதிலும் இருட்டு. இத்தோடு நிறுத்துவதுதான் வழக்கம் என்று படம் எடுக்கிறவர் சொன்னார். டாக்டரம்மா நிறுத்தவில்லை. "அடைச்சுக் கெடக்குற கிட்னி மெதுவாத்தான் வேலை செய்யும். அதுக்கு நேரம் குடுப்போம்" என்று சொல்லி அவளை அப்படியே படுக்க வைத்தார். மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தார், படம் எடுத்தார். மறுபடி போனார், வந்தார். சாயந்திரம் எடுத்த படத்தை ஈரம் சொட்டச் சொட்ட அவரே கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் என்னைத் தேடி வந்தார். கல்லுக்கு மேலே, இருட்டில், சாம்பல் பூசினது போல ஒரு கலங்கல். பெரிய மாங்காய் அளவுக்கு.

"உசிரோட இருக்கு சார்" என்றார்.

கையெழுத்துப் போடாத காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி அவரே கிழித்தார். புதன்கிழமை எடுக்கப் போவதில்லை, வடிக்கப் போகிறார்.

தாங்கள் வருவதும் வராததும் தங்கள் இஷ்டம்.

செல்வநாதன்

பின்குறிப்பு: தாங்கள் எழுதியது இப்போதுதான் கைக்கு வந்தது. கவரை ஒட்டிவிட்டேன், பிரித்து இதை எழுதுகிறேன். ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாதாம். நான் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை.


ஏலாக்குறிச்சி
26-3-1946

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நேற்று வண்டி கட்டிக் கிளம்பிப் போகிற வழியில் தபால்காரர் மறித்துக் கடிதத்தைக் கொடுத்தார். அரியலூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து படித்தேன். டிக்கெட் எடுத்து மடியில் வைத்திருந்தேன். ரயில் வந்தது. நல்லுசாமி, "ஏறுங்க, ஏறுங்க" என்று சத்தம் போட்டான். ரயில் போய்விட்டது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இளநீர் என்ன விஷமா என்று அந்த ரயில்வே பெஞ்சியில் உட்கார்ந்து நல்லுசாமியிடம் சண்டை போட்டேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டி மாட்டைப் பார்க்கப் போய்விட்டான். அவனும் போய்விட்டதால் எனக்கு யாரிடம் கத்துவது என்று தெரியவில்லை. பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். மரத்தில் ஏறிக் காயைப் பார்த்துப் பார்த்துப் பறித்தவன் நான்தான். நல்ல தண்ணிக்காயாக, பிள்ளைக்கு வயிறு குளிரட்டும் என்று. அந்தக் கையால் அவள் உடம்பில் கத்தி வைக்க இருந்தேன். நல்லது செய்யப் போய் இப்படியா ஆக வேண்டும்?

சிந்தாமணியைத் திட்டாதீர்கள். அவள் என் பேச்சைக் கேட்டவள், அவ்வளவுதான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், இன்னும் மிச்சம் இருந்தால்.

அந்த அம்மாள் தப்பு என்னுடையது என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைச் சாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சவரிராசு, அந்த அம்மா கிறிஸ்தவங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி, விடு" என்றார்.

விலாவில் எப்படிக் குழாய் வைப்பார்கள்? நீர் இருக்கிற இடம் வெளியிலிருந்து எப்படித் தெரியும்? குருட்டாம்போக்கில் குத்துவார்களா? ஏரி நிறைந்து மதகு அடைத்துக்கொண்டால் கரை உடைவதற்கு முன்னால் ஓர் இடம் பார்த்து வெட்டி வடிப்போம். இடம் தப்பினால் ஊர் போய்விடும். அதனால்தான் கேட்கிறேன். நாளைக்குப் புதன்கிழமை, விடிந்ததும் கோயிலில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

எனக்கு வர முகமில்லை. எழுதுங்கள். என்ன ஆனாலும் எழுதுங்கள்.

ச. சவரிராஜ்


திருச்சிராப்பள்ளி
2-4-1946

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

அமலு பிழைத்துக்கொண்டாள். புதன்கிழமையே தந்தி அடித்தேன், கிடைத்திருக்கும். இப்போது விவரமாக எழுதுகிறேன். தங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது, ஏனென்றால் நான் பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

குருட்டாம்போக்கில் குத்தவில்லை. முதலில் கீழ் வழியாக, விளக்கு வைத்த ஒரு மெல்லிய குழல் மூலம் நூல் போன்ற குழாய் ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். அது எங்கே போகிறது என்று படம் எடுத்தார். கல்லுக்குக் கீழே போய் மடங்கி நின்றது. தள்ளிப் பார்க்கலாமே என்று கூட இருந்தவர் கேட்டாராம். "தள்ளினா கிழியும். வழி இல்லன்னு படம் சொல்லுது, கேட்டுக்குவோம்" என்று வெளியே எடுத்துவிட்டாராம். இதை நர்ஸ் அம்மாள் எனக்குச் சொன்னார். அவர் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அவளைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் ஒரு சின்ன ஈயக் குண்டை ஒட்டிப் படம் எடுத்தார்கள். படத்தில் குண்டும் தெரிகிறது, கல்லும் தெரிகிறது, விலா எலும்பும் தெரிகிறது. சாயம் கலங்கலாகத் தெரிந்த பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். குண்டிலிருந்து வீக்கத்தின் நடுப்பாகம் எத்தனை விரல்கடை தள்ளி இருக்கிறது என்று அளந்து, ஊதா மையால் தோலில் ஒரு புள்ளி வைத்தார். மாமா, தாங்கள் கரையில் வெட்டுகிற இடத்தைக் காலால் மிதித்துப் பார்த்துச் சொல்வீர்கள் அல்லவா? அவர் கண்ணால் காணாத இடத்தை அப்படிச் சொன்னார். மயக்கம் கொடுத்து, அந்தப் புள்ளியில் சிறிதாகக் கீறி உள்ளே போனார். தேடவே இல்லையாம். நேராகப் போய் நின்றாராம்.

தேங்கியிருந்தது ஒரு சீசா நிறைய வந்தது. முதலில் சீழ், பிறகு கலங்கல், பிறகு தெளிந்த நீர். விலாவில் ரப்பர் குழாய் வைத்து, கட்டிலுக்குக் கீழே சீசாவில் விட்டிருக்கிறார்கள். சொட்டு சொட்டென்று அதில் நீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இப்போது என் வேலை. அன்று சாயந்திரமே காய்ச்சல் விட்டுவிட்டது. மறுநாள் கண் விழித்து, "பசிக்குதுங்க" என்றாள். அவள் பசிக்கிறது என்று சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

தங்களைத் திட்டுவாரோ என்று அமலு பயந்து டாக்டரம்மாவிடமே கேட்டாள். "எதுக்குத் திட்டணும்? ஆசையில குடுத்தது. ஆசையை நம்ம பக்கம் இழுத்துக்கணும், எதிர்ல நிறுத்தக்கூடாது" என்றார். சிந்தாமணி அம்மாளை வராந்தாவிலிருந்து கூப்பிட்டு, சீசாவில் விழுகிற நீரைப் பார்த்துக்கொண்டு நிறம் மாறினால் உடனே நர்ஸிடம் சொல்லுகிற பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டார். இப்போது சிந்தாமணி அம்மாளைத் தாண்டி ஈகூட அந்தக் குழாய் அருகே போக முடியாது. நேற்று என்னையே, "தள்ளி நில்லுங்க தம்பி, குழாய் மடங்கப் போவுது" என்று விரட்டினார்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். வருகிற வாரம் நாலைந்து நாள் பெரம்பலூரில் இருப்பேன். அதற்குள் கல்லையும் எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். முகமில்லை என்று எழுதினீர்கள். அமலு அதைப் படித்துவிட்டு, "எங்கப்பா மூஞ்சி எனக்கு வேணும்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அன்று கோபத்தில் எழுதியதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு திரியவும் எனக்கு விருப்பமில்லை.

தங்கள்
செல்வநாதன்


ஏலாக்குறிச்சி
16-4-1946

அன்புள்ள மாப்பிள்ளை செல்வநாதன் அவர்களுக்கு,

நான் திருச்சிக்குப் போய்விட்டு வந்தேன். நீங்கள் பெரம்பலூரில் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் போனேன். வாய் நிறைய வீரம் பேசுகிறவன் உங்களை நேரில் பார்க்கப் பயந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு வாசலில் நின்றபோது அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "என்னப்பா, கையில எளநி இருக்கா?" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வார்டு முழுக்கவே கதை தெரிந்திருக்கிறது! சிந்தாமணி பரப்பிவிட்டிருக்கிறாள், அதுவும் தன் பேரைத் தவிர்த்துவிட்டு. எனக்குக் கோபம் வரவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவள்தான் என் தலையைத் தடவிவிட்டாள்.

டாக்டரம்மா வந்தார். என் தோள் உயரம்கூட இல்லை. இந்தக் கையா அந்த வேலையைச் செய்தது என்று கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாதாரணக் கைதான், மருந்து பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய் இருந்தது. காலில் விழப் போனேன். "அதெல்லாம் வேணாங்க. வாங்க, ஒங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று கூட்டிப்போனார். கல்லை எடுத்த பிறகு விலாக் குழாய் வழியாகவே சாயத்தை விட்டு எடுத்த படமாம். வெளிச்சத்தில் பிடித்தார். மேலே குளம் மாதிரி ஒன்று, சுருங்கித் திட்டமாக இருக்கிறது. அதிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு புறப்பட்டு, எங்கேயும் நிற்காமல் கீழே மூத்திரப்பை வரைக்கும் வருகிறது. "தண்ணி தானா எறங்குது பாருங்க. இனிமே குழாய் தேவையில்ல, எடுத்துடுவேன்" என்றார்.

மாப்பிள்ளை, நாற்பது வருஷமாக நான் வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் பார்க்கிறவன். வறண்ட வருஷத்தில் முதல் தண்ணீர் வரும்போது ஊரே கரையில் நிற்கும், நானும் நின்றிருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் அப்போதெல்லாம் வந்ததில்லை. இன்னொரு தடவை காட்டச் சொன்னேன், காட்டினார். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது. அவரே, "இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பொம்பளை டாக்டர் என்று எழுதினவன் நான். எங்கள் ஊரில் யாராவது இனிமேல் அப்படி ஏளனமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி முக்கியமானதைச் சொல்கிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். என்னைக் கேட்காமல் என் மகளைக் கூட்டிப்போனீர்கள் என்று உங்கள் மேல் எனக்கு மனக்குறை இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போது அதை எடுத்துப் பார்த்தேன். விபூதித் திருநாளன்று நீங்கள் எனக்கு ஆள் அனுப்பியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஆஸ்பத்திரி வேண்டாம், இங்கே கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்கள் மரியாதை தெரிந்தவர், மாமனார் வார்த்தையைத் தட்டமாட்டீர்கள், கொண்டு வந்திருப்பீர்கள். நான் கஷாயம் வைத்துக் கொடுத்திருப்பேன். பெரிய வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இந்நேரம் என் மகள் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இருந்திருப்பாள். நான் உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நம்மால் ஆனதையெல்லாம் செய்தோமே மாப்பிள்ளை என்று அழுதிருப்பேன். அதை நம்பியும் இருப்பேன்.

நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அதனால் அவள் இருக்கிறாள்.

ச. சவரிராஜ்